ச க ப-வுக்கு மேலே ஒரு ரி

கிட்டாரில் எல்லாரும் முதலில் கற்றுக்கொள்ளும் அந்த சாதாரண சி மேஜர் கார்டைப் பிடித்துக்கொள்ளுங்கள் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பதுதான் கார்ட்). மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் கம்பியில் முதல் ஃப்ரெட்டை (கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டத்தை) அழுத்தியிருக்கும் ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டு, அதே கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் சுண்டுவிரலை வையுங்கள். ஆறாவது கம்பியைத் தொடாமல் மீட்டிப் பாருங்கள். சி மேஜரின் அதே தெளிவு இருக்கும், ஆனால் உள்ளே கொஞ்சம் காற்று வந்தது மாதிரி விரிந்து கேட்கும். இதுதான் சி ஆட் நைன் (Cadd9, 'ஒன்பதைச் சேர்' என்று அர்த்தம்).

நம் ஸ்வரக் கணக்கில் சொன்னால் ரொம்ப எளிது. சி-யை ச என்று வைத்தால் மேஜர் கார்ட் என்பது ச க ப, அதோடு மேல் ஸ்தாயி ரி-யைச் சேர்த்தால் ஆட் நைன். ச ரி க ம ப த நி ச ரி என்று எண்ணிக்கொண்டே போங்கள், அந்த ரி ஒன்பதாவதாக வரும். பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

வெறும் 'சி நைன்' என்பது வேறு கார்ட். அதில் கைசிகி நிஷாதமும் (தாழ்ந்த நி) சேரும், அது வந்தவுடனேயே கார்ட் எஃப்-பை நோக்கி இழுக்க ஆரம்பித்துவிடும். ஆட் நைனில் அந்த இழுப்பு கிடையாது. ச-வுக்குக் கீழே ஒட்டி நிற்கும் காகலி நி-யும் (உயர்ந்த நி) இல்லை, க-வுக்கு மேலே ஒட்டி நிற்கும் ம-வும் இல்லை, அதனால் அரை ஸ்வர இடைவெளியில் (கிட்டாரில் ஒரு ஃப்ரெட் தூரம்) எதுவும் மோதுவதில்லை. மிச்சம் இருப்பது மோகன ராகத்தின் ச ரி க ப. நம் காதுக்கு இந்த கார்ட் முதல் தடவையே பழகினதாகப் படுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, கூடுதலாக ஒரு ஸ்வரத்தைத் திணித்தும் ஏன் உறுத்தவில்லை? நீங்கள் பிடித்த கார்டில் சி (ச) 130.8 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள், ஈ (க) 164.8, ஜி (ப) 196, டி (ரி) 293.7. வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 4:5:6:9. எந்தக் கம்பி அதிர்ந்தாலும் அடிப்படைச் சத்தத்தோடு அதன் 2, 3, 4, 5 மடங்கு என்று மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கும் இல்லையா, அந்த வரிசையில் இருக்கிற எண்கள்தான் இவை. சுருதி சேர்ப்பதில்கூட ரி நன்றாகவே பொருந்துகிறது: இன்றைய ஃப்ரெட் முறையில் க இயற்கையான இடத்தைவிட அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதலாக நிற்கும், இந்த ரி விலகுவதோ 4 சதவீதம்தான்.

இதைக் காதாலேயே கேட்கலாம். மூன்றாவது கம்பியை, அதாவது ஜி கம்பியை, ஏழாவது ஃப்ரெட்டின் உலோகக் கோட்டுக்கு நேர் மேலே அழுத்தாமல் லேசாகத் தொட்டுக்கொண்டு மீட்டிவிட்டு, உடனே விரலை எடுத்துவிடுங்கள். மணி மாதிரி ஒரு சத்தம் வரும், அது டி! ப கம்பிக்குள்ளேயே ரி ஒளிந்திருக்கிறது. தம்புராவின் ப கம்பியிலும் இதே கதைதான்.

ஆனால் அந்த ரி எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். கீபோர்டில் 130.8 ஹெர்ட்ஸ் சி-யையும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் 146.8 ஹெர்ட்ஸ் டி-யையும் சேர்த்து அழுத்துங்கள். வித்தியாசம் 16, அதாவது சத்தம் நொடிக்கு 16 தடவை ஏறி இறங்கி விம்மும், கரகரவென்று இருக்கும். டி-யை ஒரு ஸ்தாயி ஏற்றினால் அந்த உரசல் பெரும்பாலும் போய்விடும், ஆனால் முழுசாகப் போகாது. சி-யின் இரண்டு மடங்கு மேற்சுரமும் கிட்டாரில் திறந்து ஒலிக்கும் முதல் கம்பியான ஈ-யும் அந்த டி-க்கு இருபுறமும் முப்பத்துச் சொச்சம் ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கின்றன. அந்த மிச்ச உரசல்தான் இந்த கார்டின் மினுமினுப்பு, அது இல்லாவிட்டால் இதை வாசிக்கவே தேவையில்லை. ஸ்டீலி டேன் என்ற அமெரிக்க இசைக்குழு ரி-யையும் க-வையும் வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதற்கு 'மியூ மேஜர்' என்று தனிப் பெயரே வைத்தார்கள்.

கீபோர்டில் வாசிக்கும்போது இடது கையில் சி, ஜி, வலது கையில் ஈ, ஜி, டி என்று பரப்பி வையுங்கள். கிட்டாரில் ஜி மேஜருக்கு மாறி மாறிப் போக வேண்டுமென்றால் விரல்களைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வது நல்லது: மோதிர விரலும் சுண்டுவிரலும் இரண்டாம், முதல் கம்பிகளின் மூன்றாவது ஃப்ரெட்டில் அப்படியே இருக்கட்டும், நடுவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ஐந்தாம், நான்காம் கம்பிகளிலிருந்து ஆறாம், ஐந்தாம் கம்பிகளுக்கு நகர்ந்தால் ஜி வந்துவிடும். ஒரே மாலையில் பழகிவிடலாம்.

அப்புறம் மைனரையும் விட்டுவிடாதீர்கள். ஏ மைனர் ஆட் நைனுக்கு ஐந்தாம் கம்பி திறந்து, நான்காவதில் இரண்டாம் ஃப்ரெட், மூன்றாவதில் நான்காம் ஃப்ரெட்டைச் சுண்டுவிரலால் எட்டிப் பிடித்து, இரண்டாவதில் முதல் ஃப்ரெட், முதல் கம்பி திறந்தபடி. இங்கே ஏ-தான் ச, அதன் ரி-யான பி 246.9, க-வான சி 261.6, நடுவில் வெறும் 15 ஹெர்ட்ஸ்தான், அதனால் மேஜரில் மினுமினுத்தது இங்கே வலிக்கும். பிக்கால் மொத்தமாக அடிக்காமல் ஒவ்வொரு கம்பியாக மெதுவாக எடுத்து, அந்த இரண்டும் சேர்ந்து அதிர்வதைக் கடைசி வரை கேளுங்கள்.