குளம் அரசாங்கத்தின்ரை, மீன் ஆற்றை?

"அண்ணை, குளம் அரசாங்கத்தின்ரை. அப்ப மீன் ஆற்றை?"

வலிகாமத்தில் ஒரு குளக்கட்டில் தூண்டிலோடு நின்ற பெடியன் ஒருவன் என்னிடம் கேட்டது. கடற்கரைக்குப் போனால் எந்த வலை கூடாது, எந்தச் சங்கத்தில் சேர வேணும் என்று நிற்கிற எவரும் சொல்லிவிடுவார். குளத்து மீன் என்று வரும்போது யாழ்ப்பாணத்து ஆட்களில் பலருக்கு அது "சும்மா கிடக்கிற மீன்". அப்படி இல்லை. குளத்து மீனுக்கும் சட்டம் உண்டு, பொறுப்பான இடம் உண்டு, அதில் உரிமை கேட்கக்கூடிய ஆட்களும் உண்டு.

முதலில் தண்ணீரையும் மீனையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி அவற்றின் பராமரிப்பில் கமக்கார அமைப்புகளுக்கும் பங்கு உண்டு. குடாநாட்டுக் குளங்களில் பெரும்பாலானவை சிறியவை. இரணைமடு போன்ற பெருங்குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்கிறது. நகருக்குள் இருக்கும் குளங்கள் சில உள்ளூராட்சி சபையின் பொறுப்பில். கோயில் கேணிகளை இந்தப் பேச்சில் சேர்க்கவே வேண்டாம்.

இவை எல்லாம் தண்ணீருக்கும் கட்டுக்கும் பொறுப்பானவை. மீனுக்கு வேறு சட்டம்: 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம். பெயரில் கடல் இருந்தாலும் நன்னீரும் அதற்குள் அடக்கம். நன்னீர்ப் பக்கத்தை நடைமுறையில் கவனிப்பது 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை. சனம் "நக்டா" என்றுதான் சொல்லும். 1990 முதல் 1994 வரை நன்னீர் மீன்பிடிக்கு அரசு கொடுத்துவந்த ஆதரவு முழுதாக நிறுத்தப்பட்டிருந்தது. குஞ்சு உற்பத்தி, கண்காணிப்பு எல்லாம் அந்தக் காலத்தில் அறுந்து போயின. இன்றைய ஏற்பாடுகள் அதற்குப் பிறகு கட்டியெழுப்பப்பட்டவை.

ஆக, வயல் விதைப்பவருக்குக் குளத்துத் தண்ணீரில் உரித்து உண்டு என்பதற்காக மீனும் அவருடையதாகிவிடாது. மீன் பிடிப்பவர் தன் வசதிக்குத் துருசை (தண்ணீர் திறந்துவிடும் மதகை)த் திறக்கவோ தண்ணீரை மறிக்கவோ முடியாது. பல குளங்களில் சண்டை வருவதே இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான்.

இனிக் காலம். குடாநாட்டில் ஓடும் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைதான் குளங்களை நிரப்புகிறது. ஆடி, ஆவணிக்குள் சிறு குளங்கள் பல வெடித்துக் கிடக்கும். இந்தக் கணக்கை மறந்து போடப்படும் எந்தத் திட்டமும் எங்கள் மண்ணில் நிற்காது.

முதல் மழையோடு விரால் குஞ்சு பொரிக்கும். புல்லும் தாமரை இலையும் உள்ள ஆழமில்லாத ஓரத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பாருங்கள். தண்ணீரின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கொத்து நெளியும். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாக மூச்செடுக்க வருவதும் கீழே போவதும் தெரியும். அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். காவல் மீன் கிட்ட வருகிறதைப் பாய்ந்து கடிக்கும் என்பது தெரிந்துதான் அந்தக் கொத்துக்கு நடுவே தூண்டில் போடுகிறார்கள். பெரியதை எடுத்துவிட்டால் கெதியில் மற்ற மீன்கள் குஞ்சுகளை முடித்துவிடும். ஒரு கறிக்காக ஒரு தலைமுறை போகிறது. குஞ்சோடு நிற்கும் விராலைத் தொடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். மீன் பிடிக்கக் கூடாத காலம் ஒன்றை வர்த்தமானி மூலம் அறிவிக்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. விராலின் மாரியைக் காக்க எவருடைய அறிவித்தலுக்கும் நாங்கள் காத்திருக்கத் தேவையில்லை.

குளம் வான் பாயும் நாட்களில் வெளியே வரும் மீனைப் பிடிக்கச் சனம் திரளும். இரணைமடுவின் வான்கதவு திறக்கும் நாள் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் போவார்கள். அந்த நீரோட்டத்துக்குள் இறங்கி நிற்பது உயிராபத்து. கதவுக்குக் கீழே வலையால் முழுதாக மறித்துக் கட்டுவதும் வேண்டாம்.

குஞ்சு விடுவது வான் பாய்ந்து ஓய்ந்த பிறகு, பெரும்பாலும் மார்கழிக் கடைசி, தை அளவில். முந்தினால் குஞ்சு வெள்ளத்தோடு போய்விடும்; பிந்தினால் வளரக் காலம் போதாது. கட்லா, ரோகு, மிரிகால் என்ற கெண்டைகள் தேங்கின தண்ணீரில் இனம் பெருக்குவதில்லை. நன்னீர் இறால் பொரித்த குஞ்சுக்கு உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும். ஆகவே சிறு குளமொன்றில் நீங்கள் காணும் கட்லா ஒவ்வொன்றும் குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் பிறந்து, ஒருவர் காசு கொடுத்தோ அரசு கொடுத்தோ கொண்டுவந்து விட்டது. அதை "தானாக வந்த மீன்" என்று அள்ளுவது இன்னொருவர் விதைத்த வயலை அறுப்பதற்குச் சமம். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவின் கதை வேறு. தாய் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரித்துக் காப்பதால் அது எந்தக் குளத்திலும் பெருகிவிடும்.

ஹெக்டேயருக்கு 2000 குஞ்சு என்பது பருவகாலக் குளங்களுக்கு, அதாவது மாரியில் நிரம்பிக் கோடையில் வற்றும் குளங்களுக்கு, வழமையாகச் சொல்லப்படும் அளவு. 5 ஹெக்டேயர் குளமென்றால் 10,000. தம்புள்ளை, உடவளவை போன்ற தூர நிலையங்களிலிருந்து ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பைகளில் குஞ்சு வரும். வந்தவுடன் பையை வெட்டிக் கொட்டக் கூடாது. கட்டியபடியே குளத்தில் மிதக்க விட வேண்டும், கால் மணித்தியாலமாவது. பிறகு வாயை அவிழ்த்து, குளத்துத் தண்ணீரைச் சிரங்கை சிரங்கையாக உள்ளே விட வேண்டும். குஞ்சு தானாகவே வெளியே நீந்திப் போகும். அதிகாரியும் படம் எடுப்பவர்களும் அவசரப்படுத்தியதால் பைகளை ஒரேயடியாகக் கவிழ்த்து, மறுநாள் காலை அலைகரையோரம் செத்த குஞ்சுகள் வெள்ளை வெள்ளையாக மிதந்ததை ஒரு முறை நேரில் பார்த்தேன். அந்தக் குளத்து மீன்பிடிச் சங்கத்தின் ஒரு வருட நம்பிக்கை அது.

வலைக்கு வருவோம். நன்னீரில் செவுள்வலையின் கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. அளப்பது எப்படி என்பதில்தான் பிழை நடக்கிறது. கண்ணின் ஒரு பக்க நூலை அளப்பதில்லை. எதிரெதிரான இரண்டு முடிச்சுகளைப் பிடித்து, கண் மூடும்வரை இழுத்து, முடிச்சுக்கு முடிச்சு அளக்க வேண்டும். கடையில் அங்குலக் கணக்கில் கேட்பவர்களுக்கு: 3 அங்குலக் கண் சட்டத்துக்குப் போதாது, மூன்றரை போதும். சின்னக் கண் வலையில் அகப்படுவது இன்னும் ஒரு முறைகூடக் குஞ்சு பொரிக்காத திலாப்பியா. தங்கூசி (ஒற்றை இழை நைலோன்) வலைக்கும் தடை. வெடி, நஞ்சு, மீனை மயக்கும் பொருள் எதுவும் கூடாது. இவற்றைச் சட்டமே நேரடியாகத் தடுக்கிறது. அதே தண்ணீரில் மாடு குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும் பெருங்குளத்தில் தொழிலாகப் பிடிப்பவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். வள்ளத்தையும் பதிய வேண்டும். வழி அந்தக் குளத்தின் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தூடாகத்தான். அடையாள அட்டை, கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்படுத்தல், சங்கத்தின் சிபாரிசு ஆகியவற்றோடு மாவட்டத்திலுள்ள நக்டா விரிவாக்க உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அமைச்சின் செயலாளருக்கு மேன்முறையீடு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. வாய்ச்சொல்லோடு திரும்பி வராமல் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தூண்டிலோடு போகிறவரும் முதலில் சங்கத்திடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போவதுதான் முறை. குஞ்சு விட்ட குளமென்றால் கட்டாயம் கேளுங்கள்.

சுண்டிக்குளம் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1938இல் சரணாலயமான அந்த இடம் 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் சட்டம் முன்னுக்கு நிற்கும். எல்லைக் கல் எங்கே என்று தெரியாமல் வலை விடாதீர்கள்.

பருவகாலக் குளத்தில் அறுவடை ஆனி தொடங்கி ஆவணி வரை, தண்ணீர் வற்ற வற்ற. யார் காவல், குஞ்சுக்கு யார் காசு, விற்ற காசில் கமக்கார அமைப்புக்கு எவ்வளவு, குளத் திருத்தத்துக்கு எவ்வளவு என்பதெல்லாம் குஞ்சு விடுவதற்கு முன்னரே கூட்டத்தில் பேசி, கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டியவை. மீன் கரைக்கு வந்த பிறகு பேசினால் பேச்சு சண்டையில்தான் முடியும். எல்லா மீனையும் ஒரே நாளில் இழுத்தால் சந்தையில் விலை விழும். பெரியதை முதலில், இரண்டு மூன்று தவணையாக எடுங்கள்.

உங்கள் ஊர்க் குளத்துக்கு எத்தனை குஞ்சு விடப்பட்டது, எந்தத் திகதியில், எந்தச் சங்கத்தின் பெயரில் என்று தெரிய வேண்டுமா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் கேட்கலாம். நக்டா அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும்.

அடுத்த தைக்குக் குஞ்சு வேண்டும் என்றால் கமக்கார அமைப்பின் தீர்மானத்தோடு கோரிக்கைக் கடிதத்தை ஆவணி, புரட்டாசிக்குள் நக்டா உத்தியோகத்தரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு பிரதியைக் கமநல சேவை நிலையத்துக்கும் கொடுத்து, கிடைத்ததற்கான முத்திரையை உங்கள் பிரதியில் குத்தி வாங்கி வையுங்கள்.