என்-கேஜை எழுப்பும் வித்தை

பழைய போன் வாங்குகிறவர்கள் முதலில் திரையில் கீறல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நோக்கியா என்-கேஜ் விஷயத்தில் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். முதல் வேலை, பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது. நடுவில் லேசாக மேடு தட்டினாலும் அந்தப் பேட்டரிக்கு மரியாதையாக விடை கொடுத்துவிட வேண்டும். உள்ளே மின்பகு திரவம் சிதைந்து வாயுவாகி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம்.

என்-கேஜை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2003 அக்டோபரில் வந்தது. போனையும் கையில் வைத்து ஆடும் கேம் கருவியையும் ஒன்றாக்கி நோக்கியா செய்த பரிசோதனை. நடுவில் திரை, இடப்பக்கம் திசைப் பொத்தான், வலப்பக்கம் எண்கள். பெரும்பாலான கேம்களில் சுடுவதற்கும் குதிப்பதற்கும் 5, 7 ஆகிய எண்கள்தான். காதுக்கான ஸ்பீக்கரை முகப்பில் வைக்காமல் விளிம்பில் வைத்துவிட்டார்கள். அதனால் பேசும்போது போனைக் காதுக்குச் செங்குத்தாக நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்து அப்போது உலகமே சிரித்தது. கேம் அட்டையை மாற்ற வேண்டுமென்றால் போனை அணைத்துப் பேட்டரியைக் கழற்ற வேண்டும். இந்த இரண்டு குறைகளையும் 2004ல் வந்த என்-கேஜ் க்யூடி சரிசெய்தது. ஆனால் எஃப்எம் ரேடியோவையும் எம்பி3 பிளேயரையும் யுஎஸ்பி துளையையும் எடுத்துவிட்டது.

எதை வாங்கலாம் என்று கேட்டால், க்யூடிதான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் பழைய மாடலைத்தான் சொல்வேன். காரணம் பேட்டரி. பழையது கேட்பது பிஎல்-5சி. சந்தையில் தரையில் விரித்து விற்கும் எஃப்எம் பெட்டி, சாமி பாட்டுப் பெட்டி எல்லாம் இன்றைக்கும் அதில்தான் ஓடுகின்றன. பெருந்துறையிலோ தாராபுரத்திலோ எந்த மொபைல் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். க்யூடிக்கு வேண்டிய பிஎல்-6சியை அப்படித் தடுக்கி விழுந்த இடத்தில் வாங்க முடியாது.

சரி, பேட்டரி கிடைக்கிறது. ஆனால் கிடைக்கிறதெல்லாம் பேட்டரியா?

ஈரோட்டில் ஒரு சர்வீஸ் கடையில் பார்த்தது இது. போன் நன்றாக எழுகிறது, பேட்டரி மூன்று கட்டை காட்டுகிறது, கேமும் ஓடுகிறது. சிக்னல் தேட ஆரம்பித்ததும் பட்டென்று அணைந்துவிடுகிறது. கடைக்காரத் தம்பி மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார்.

“ஏனுங்ணா, பேட்டரி நல்லாத்தானுங்க இருக்குது. 3.9 காட்டுது பாருங்க. போர்டுலதான் கம்ப்ளைன்ட்டுங்க.”

“தம்பி, அந்த 4.7 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே வெச்சுட்டு இன்னொருக்கா பாருங்க.”

வெள்ளைச் செங்கல் மாதிரி இருக்குமே, அந்த 5 வாட் ரெசிஸ்டர்தான். அதை இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பிடித்ததும் 3.9 சரசரவென்று இறங்கி 3.2ல் நின்றது. புதுப் பேட்டரி ஒன்றை அதேபோல் சோதித்தோம். 4.0லிருந்து 3.85க்குத்தான் இறங்கியது. அதற்குள் ரெசிஸ்டர் கையைச் சுட ஆரம்பித்துவிட்டது.

கணக்கு எளிது. 3.2 வோல்ட்டை 4.7 ஓமால் வகுத்தால் 0.68 ஆம்பியர். அவ்வளவு மின்னோட்டம் போகும்போது பேட்டரி தனக்குள்ளேயே 0.7 வோல்ட்டைத் தின்கிறது. அப்படியென்றால் அதன் உள்மின்தடை ஏறக்குறைய 1 ஓம். புதியதற்கு 0.18 ஓம்தான். சும்மா இருக்கும் பேட்டரியில் மீட்டர் காட்டும் வோல்ட்டேஜ் இந்த வித்தியாசத்தைச் சொல்லவே சொல்லாது. சுமை ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் போடும் நொடியில் சாளை வீட்டில் எரியும் பல்பு மங்குமே, அங்கேயும் இதே இயற்பியல்தான். கடைசிக் கம்பம்வரை நீண்டு வந்த ஒயரின் தடை, மோட்டார் இழுக்கும்போதுதான் தன் வேலையைக் காட்டும்.

கேம் ஆடும்போது அணையாத போன் சிக்னல் தேடும்போது ஏன் அணைகிறது என்பதற்கு ஜிஎஸ்எம் என்ற 2ஜி செல்போன் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறை வைத்துப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. 4.615 மில்லிவினாடி நீளமுள்ள ஒரு சுற்றை எட்டாகப் பிரித்து, ஆளுக்கு 577 மைக்ரோவினாடி தருவார்கள். போன் தன் முறை வரும்போது மட்டும் அலையை அனுப்பும், மீதி நேரம் வாயை மூடிக்கொள்ளும். வினாடிக்கு 217 முறை இப்படி. அந்தக் காலத்தில் அழைப்பு வருவதற்கு முன்பே டிவி ஸ்பீக்கரும் டேப்ரிக்கார்டரும் ‘டிட்டிடிட் டிட்டிடிட்’ என்று இரைந்ததை நாற்பது வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த இரைச்சலின் வேர் இந்தத் துடிப்புதான்.

கோபுரம் தொலைவில் இருந்தால், 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒவ்வொரு துடிப்பும் 2 வாட் வரை போகும். அந்தக் கணத்தில் பேட்டரியிலிருந்து ஒன்றரை ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். நம் பழைய பேட்டரியின் 1 ஓம் தடையில் ஒன்றரை ஆம்பியர் பாய்ந்தால் ஒன்றரை வோல்ட் காலி. 3.9 என்று மார்தட்டிய பேட்டரி 2.4க்குக் கவிழ்ந்துவிடும். போனோ 3 வோல்ட்டை ஒட்டி இறங்கினாலே ‘பேட்டரி தீர்ந்தது’ என்று முடிவு கட்டிவிடும். கேமுக்கு இவ்வளவு மின்னோட்டம் தேவையில்லை, அதனால்தான் ஓடுகிறது. போர்டைப் பழித்து அதில் ஹாட் ஏர் கருவியால் சூடு ஊதுவதற்கு முன்னால் அந்த ஐந்து ரூபாய் ரெசிஸ்டரைத் தேடி எடுப்பது நல்லது.

பரணில் பத்து வருஷம் கிடந்த பேட்டரி பூஜ்யம் வோல்ட் காட்டினால் அது வேறு கதை. உள்ளே இருக்கும் காப்புச் சுற்று தொடர்பைத் துண்டித்திருக்கும். யுனிவர்சல் சார்ஜரில் மாட்டி ‘எழுப்பிவிடும்’ பழக்கம் நம் கடைகளில் உண்டு. எழும்பலாம். ஆனால் லித்தியம் அயனி செல் ரொம்பவும் வடிந்து போனால் அதற்குள் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆக வழி உண்டு. புதியது எங்கும் கிடைக்கும்போது இந்த வீரம் தேவையில்லை.

சார்ஜர் பழைய குண்டு பின். வீட்டில் இருக்கும் ஒல்லிப் பின் சார்ஜர் இதற்கு நேரடியாகப் பொருந்தாது.

அடுத்து சிம். பழைய என்-கேஜ் சிம் இல்லாமல் மெனுவுக்குள்ளேயே விடாது. கேம் ஆட மட்டும்தான் என்றால் உயிரில்லாத சிம்மே போதும். காலாவதியான பழைய ஏர்செல் சிம் மேசை டிராயரில் கிடந்தால் அதற்கும் ஒரு வேலை வந்துவிட்டது. நெட்வொர்க் ஏற்காத சிம் என்பதால் போன் ஓயாமல் அலை அனுப்பிக்கொண்டிருக்காது, பேட்டரியும் தாங்கும். பேசவும் வேண்டுமென்றால் 2ஜி தரும் நிறுவனத்தின் சிம் வேண்டும். ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா), பிஎஸ்என்எல் மூன்றும் சரி. 2016ல் நேராக 4ஜியோடு வந்த ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. நானோ சிம்மைப் பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்துத்தான் செருக வேண்டும். அது இடுக்கில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா 2016 டிசம்பரிலும், அமெரிக்காவின் ஏடி அண்ட் டி 2017 ஜனவரியிலும் 2ஜியை மூடிவிட்டன. அவர்கள் சிம்மில் என்-கேஜ் வெறும் பொம்மை. காங்கேயத்தில் அது இன்னும் போன்.

கேம் அட்டை விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பார்க்க எஸ்டி கார்டு போலவே இருக்கும், ஆனால் இது எம்எம்சி எனப்படும் மல்டிமீடியா கார்டு. நீள அகலம் இரண்டுக்கும் ஒன்று. தடிமன்தான் வேறு: எம்எம்சி 1.4 மில்லிமீட்டர், எஸ்டி 2.1. தொடர்பு முனைகள் எம்எம்சிக்கு 7, எஸ்டிக்கு 9. எஸ்டியை அழுத்தித் திணித்தால் துளையின் சீப்புக் கம்பிகள் வளைந்துவிடும். முழு எம்எம்சி கிடைக்காவிட்டால் நோக்கியா என்70 வைத்திருந்தவர்களைப் பிடியுங்கள். அந்தப் போனில் இருந்தது பாதி நீள எம்எம்சி. அதனோடு வந்த நீட்டிப்புத் தகட்டை மாட்டினால் முழு நீளமாகிவிடும்.

பழைய அட்டை கைக்கு வந்ததும் முதலில் கம்ப்யூட்டரில் நகலெடுத்துவிடுவது புத்திசாலித்தனம். ஃபிளாஷ் நினைவகத்தில் தகவல் என்பது மின்காப்புச் சுவருக்குள் அடைபட்ட எலக்ட்ரான்கள்தான். சுவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வருஷக்கணக்கில் அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், சூட்டில் இன்னும் வேகமாகக் கசியும். சித்திரை மாசத்து ஈரோட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஒட்டிய பரணில் இருபது கோடை கிடந்த அட்டை ஏதோ ஒரு நாள் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் அதைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலான எஸ்டி ரீடர்கள் எம்எம்சியைப் படித்துவிடும்.

இதையெல்லாம் தாண்டிக் கேம் திரையில் வந்ததும் உற்றுப் பாருங்கள். வானத்தில் நீலம் சீராகக் கலவாமல் பட்டை பட்டையாகத் தெரியும். திரை காட்டுவது 4,096 நிறங்கள்தான். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 16 படிகள், அவ்வளவே. முப்பரிமாணக் கேமில் சுவரை ஒட்டி நடந்தால் செங்கல் கோடுகள் லேசாக வளைந்து நெளியும். இது பழுதல்ல, அன்றைய நிரலாளர்கள் நேரத்தை மிச்சம் பிடித்த தடயம்.

உள்ளே இருப்பது 104 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏஆர்எம்9 செயலி. படம் வரைய என்று தனிச் சில்லு இல்லை, எல்லாம் அந்த ஒற்றை ஆள்தான். திரையில் 176-க்கு 208, ஆக 36,608 புள்ளிகள். வினாடிக்கு 20 படம் வரைவதென்றால் ஒரு புள்ளிக்கு செயலியின் சுமார் 142 கடிகாரத் துடிப்புகள்தான் கிடைக்கும். அதிலேயே எதிரி எங்கே, குண்டு பட்டதா, என்ன சத்தம் என்ற கணக்கும் அடங்க வேண்டும். அந்தச் செயலிக்கு தசம எண்களைக் கையாளும் வன்பொருள் கிடையாது. வகுத்தலுக்கென்று ஒரு கட்டளைகூடக் கிடையாது!

முதல் சிக்கலுக்கு வழி, எல்லா எண்ணையும் 65,536ஆல் பெருக்கி முழு எண்ணாக வைத்துக்கொள்வது. 1.5 என்பது 98,304 ஆகிவிடும். கூட்டல், கழித்தல் அப்படியே செய்யலாம். பெருக்கினால் மட்டும் விடையை 16 இடம் வலப்பக்கம் தள்ளிக்கொள்ள வேண்டும். ஏஆர்எம் செயலிகளுக்கு இந்தத் தள்ளும் வேலை கைவந்த கலை. வேறொரு கணக்கைச் செய்யும்போதே கூடுதல் செலவின்றிச் செய்துவிடும்.

வகுத்தல்தான் தலைவலி. தூரத்துச் சுவர் சிறியதாகவும் பக்கத்துச் சுவர் பெரியதாகவும் தெரிய வேண்டுமென்றால், சுவரின் ஒவ்வொரு புள்ளிக்கும் தூரத்தால் வகுக்க வேண்டும். வகுத்தலைச் செயலி நீண்ட வழியில் போட்டுக்கொண்டிருந்தால் 142 துடிப்பில் பெரும்பங்கு அங்கேயே கரைந்துவிடும். அதனால் அந்தக் கால நிரலாளர்கள் வகுத்தல் விடைகளை முன்கூட்டியே அட்டவணையாகப் போட்டு நினைவகத்தில் வைத்தார்கள். அதோடு, எட்டு அல்லது பதினாறு புள்ளிக்கு ஒருமுறை மட்டும் சரியாக வகுத்துவிட்டு, இடையில் இருப்பதை நேர்கோடாக நிரப்பினார்கள். நிஜத்தில் வளைகோடாகப் போக வேண்டியதை நேர்கோடாக இழுத்ததால் வந்த பிசகுதான் அந்த நெளியும் செங்கல். எனக்கு அந்த நெளிவு பிடிக்கும். இன்றைய கேம்களில் உழைப்பு கண்ணில் படுவதில்லை.

புதிதாக ஏதாவது ஏற்ற வேண்டுமென்றால் ப்ளூடூத்தே சுலபம். ஆண்ட்ராய்டு போனிலிருந்து அனுப்பினால் என்-கேஜில் மெசேஜ் மாதிரி வந்து விழும், திறந்தால் நிறுவிக்கொள்ளும். இதில் ஓடும் சிம்பியன் இயங்குதளத்தின் பதிப்பு, வந்த கோப்பு யார் கொடுத்தது என்று விசாரிக்காது. பிற்பாடு வந்த பதிப்புகளில்தான் கையொப்பச் சோதனை கட்டாயமானது. 2004 ஜூனில் வெளிப்பட்ட கேபிர் என்ற செல்போன் புழு இப்படித்தான் பரவியது: பக்கத்தில் வருகிற போனுக்கு ப்ளூடூத்தில் தன்னையே அனுப்பி, அங்கே யாராவது ‘சரி’ அழுத்தும்வரை நச்சரித்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள், பேட்டரிக்கும் நல்லது. இணையத்தை மறந்துவிடலாம். இன்றைய தளங்கள் கேட்கும் குறியாக்கம் இதன் பிரவுசருக்குத் தெரியாது.

பொத்தான் சரியாக வேலை செய்யாவிட்டால் அநேகமாக அழுக்குதான் காரணம். பனியன் கம்பெனியில் புழங்கிய போன் என்றால் கேட்கவே வேண்டாம். மேல்மூடியைத் திறந்தால் பொத்தான் அடியில் பஞ்சுத் தூசும் கையெண்ணெயும் சேர்ந்து மெத்தையாகப் படிந்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டு மூடுங்கள். 5ஐயும் 7ஐயும் இன்னொரு தடவை துடையுங்கள். மற்ற எல்லா எண்களையும் சேர்த்தாலும் அவை இரண்டும் வாங்கிய அடி அளவுக்கு வராது.