டெலிஹெல்த்: தொலைநலம்

‘டெலே’ கிரேக்கச் சொல். தொலைவு என்று பொருள். ‘ஹெல்த்’ பழைய ஆங்கிலத்தில் ‘முழுமை’யைக் குறித்த வேரிலிருந்து வந்தது.

டெலிமெடிசினுக்குத் தமிழில் ‘தொலைமருத்துவம்’ நிலைத்துவிட்டது. அது தொலைவிலிருந்தே நோயறிவதும் மருந்து எழுதுவதும். டெலிஹெல்த்தில் கர்ப்பகால அறிவுரை, சர்க்கரைக் கண்காணிப்பு, செவிலியர் பயிற்சி எல்லாம் அடங்குவதால் ‘தொலைநலம்’ பொருத்தம். ‘இணையவழி மருத்துவம்’ போதாது. சாதாரணத் தொலைபேசி அழைப்பும் இதில் சேர்த்திதானே.

கிராமத்தில் தொலைநலம் தடுமாறினால் எல்லாரும் சிக்னலைத்தான் திட்டுவார்கள். பாதிதான் உண்மை. பதிவிறக்க வேகம் இருந்தும் பதிவேற்றம் திணறினால், நோயாளியின் முகம் மருத்துவருக்குக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். காணொளியை அணைத்துக் குரலில் மட்டும் தொடரலாம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 2020 மார்ச் 25-ல் வெளியான இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி, ‘ஏ’ பட்டியல் மருந்துகளை முதல் ஆலோசனையிலேயே எழுத வேண்டுமானால் காணொளி கட்டாயம். குரல் மட்டும் என்றால் பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்ற ‘ஓ’ பட்டியலோடு நிற்க வேண்டியதுதான். புண், தேமல் என்றால் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’டாக அனுப்ப வேண்டும். வெறும் படமாகப் போனால் சுருங்கி விவரம் போய்விடும். ரத்தசோகையைத் திரையின் நிறத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது. ஹீமோகுளோபின் அளவு வேண்டும்.

மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் நோயாளி மருத்துவரிடம் நேரடியாகவும் பேசலாம், துணை சுகாதார நிலையப் பணியாளர் மூலமாகவும் பேசலாம். கிராமத்துக்கு இரண்டாவது வழியே மேல். தொட்டுப் பார்க்கும் கை அந்தப் பணியாளருடையது. அந்தக் கை தவறினால் மருத்துவரும் தவறுவார். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் ரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அங்கே மாத்திரையின் அளவு ஏறிவிடும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, சட்டைத் துணியை விலக்கி, பட்டை இதய மட்டத்தில் இருக்கும்படி அளக்க வேண்டும். விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் ஆக்சிஜன் அளவு பிசகும்.

நேரடி வழியில் ஓடிபி ஒரு தொல்லை. வீட்டுக்கு ஒரே செல்போன், அதுவும் கணவரோடு வேலைக்குப் போயிருக்கும்.

மருந்துச் சீட்டு கிடைத்தும், அந்த மருந்து துணை சுகாதார நிலையத்தில் இல்லாவிட்டால் டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். அதனால் அழைப்பின் தொடக்கத்திலேயே கையிருப்பிலுள்ள மருந்துகளைப் பணியாளர் சொல்லிவிடுவது நல்லது.