தீர்ப்பைத் தேடுவதற்கு முன்னால் தேதியைத் தேடுங்கள்

சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்தவர்களும், வக்கீல் ஆபீசுக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளும் என்னிடம் முதலில் கேட்பது, "சார், எந்த சைட்டில் தீர்ப்பு தேடுவது?" என்பதுதான். சைட்டுக்குப் பஞ்சமே இல்லை. சட்டங்கள் 'இந்தியா கோட்' தளத்தில் இருக்கின்றன, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023-ல் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தீர்ப்புகளைத் தேடித் தரும் இந்தியன் கானூன் தளமும் இருக்கிறது. எதைத் தேட வேண்டும் என்று முடிவு செய்யாமலே தேட உட்கார்ந்துவிடுகிறோம், அது கடைசியில் வழக்கோடு வரும் கட்சிக்காரர் தலையில்தான் விடிகிறது.

அடிக்கடி வரும் ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன். இந்துக் குடும்பம், அப்பா 2003-ல் இறந்துவிட்டார், அண்ணன் தம்பிகள் பாகம் தர மறுக்கிறார்கள், ஒரு அம்மா பத்திர நகலை மஞ்சப்பையில் எடுத்துக்கொண்டு வருகிறார். கூகுளில் தட்டினால் உச்ச நீதிமன்றத்தின் 2015 பிரகாஷ் எதிர் பூலாவதி தீர்ப்பு கிடைக்கலாம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல உரிமை தந்த திருத்தச் சட்டம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பாவும் மகளும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதைப் படித்த கையோடு "உங்களுக்குப் பாகம் இல்லைம்மா" என்று அனுப்பிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பு சொன்னது செல்லாது என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்றைக்கு உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முடிந்துவிட்ட கிரயம், பதிவான பாகப்பிரிவினை போன்றவற்றைத்தான் தொட முடியாது.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: சொத்து பூர்வீகமா, அப்பாவின் சுய சம்பாத்தியமா? சுய சம்பாத்தியம், உயிலும் இல்லை என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவிலேயே மகளுக்கும் சம பங்கு உண்டு, இந்த இரண்டு தீர்ப்புமே தேவைப்படாது. பூர்வீகம் என்றால் அந்த அம்மாவுக்குக் கல்யாணம் எப்போது நடந்தது என்று கேளுங்கள், ஏனென்றால் 1989 மார்ச் 25-க்கு முன் திருமணம் ஆகாத மகள்களுக்குத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டமே அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது. இதையெல்லாம் எந்த சைட்டும் சொல்லாது. தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் அந்த அம்மாவும்தான் சொல்ல வேண்டும்.

அதனால் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள்: தேதி, நடந்தது, அதற்கு ஆதாரம். கிரயம், கல்யாணம், இறப்பு, பாகப்பிரிவினை, நோட்டீஸ் எல்லாம் வரிசையாக வந்து விழட்டும். ஆதாரக் கட்டம் காலியாக இருக்கும் இடத்தில் என்ன ஆவணம் வாங்கி வர வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அப்புறம் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் விஷயம் இன்னும் பிடிபடவில்லை, மறுபடி அவரிடமே கேளுங்கள். முதலில் சட்டப் பிரிவு, அதன் பிறகுதான் தீர்ப்பு. தீர்ப்பு கிடைத்ததும் அதைப் பின்னால் வந்த தீர்ப்புகள் என்ன செய்திருக்கின்றன என்று பார்க்காமல் குறிப்பில் ஏற்றாதீர்கள். சட்டத்துக்கும் இதே கதைதான். 2024 ஜூலை 1-லிருந்து ஜீவனாம்ச மனு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இல்லை, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144-ஆம் பிரிவில் வருகிறது, இன்னும் பழைய மாதிரியை வைத்தே டைப் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சாட்ஜிபிடியிடம் கேட்கலாமா என்றும் கேட்கிறார்கள். அது இல்லாத வழக்கை எண்ணோடும் பெயரோடும் எழுதிக் கொடுக்கும். 2023-ல் நியூயார்க்கில் அப்படி வந்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். முழுத் தீர்ப்பையும் நீங்களே திறந்து படிக்காத வரை அதைத் தொடாதீர்கள்.

எழுத்துக்கு வருவோம். "தீய எண்ணத்துடன் அபகரிக்கும் நோக்கில்" என்று மூன்று வரி எழுதுவதைவிட, எந்தத் தேதியில் எந்த எண் பத்திரத்தின்படி எந்த சர்வே எண் நிலத்தை யார் யாருக்கு விற்றார் என்ற ஒரு வரிக்கு கோர்ட்டில் மதிப்பு அதிகம். சிவில் நடைமுறைச் சட்டம் 6-ஆம் கட்டளை 2-ஆம் விதி கேட்பதும் அதைத்தான்: முக்கியமான சங்கதிகளைச் சுருக்கமாக, பத்தி பத்தியாக எண் போட்டு, தேதியையும் தொகையையும் எண்ணிலும் எழுத்திலும் சொல்ல வேண்டும். பெயரில் கவனம் ரொம்ப முக்கியம். ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்றால் 'என்கிற' போட்டு இரண்டையும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள், விட்டுவிட்டால் குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

தன்னார்வலர் கோர்ட்டில் வாதாட முடியாதுதான். ஆனால் அந்த அம்மாவுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண் என்பதாலேயே 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இலவச வக்கீல் கிடைப்பார். நீங்கள் எழுதிக் கொடுக்கும் குறிப்பைப் படித்துத்தான் அந்த வக்கீல் அவர் கதையைத் தெரிந்துகொள்ளப் போகிறார். அதனால் எழுதி முடித்ததும் அவரை உட்காரவைத்துத் தமிழில் வரி வரியாக வாசித்துக் காட்டுங்கள். "இல்ல தம்பி, அது சித்தப்பா பேர்ல இருந்த நிலம்" என்று அவர் திருத்துவார். திருத்திய பிறகு கையெழுத்து வாங்குங்கள்.