பேப்பர் மேஷே: காகிதக்கூழா, தாளொட்டா?

காகிதத்தாலும் பசையாலும் பொருள் செய்யும் கலையைக் கொலு பொம்மைக் கடையில் ‘பேப்பர் மேஷ்’ என்கிறார்கள், பள்ளிக் கைவினை வகுப்பில் ‘பேப்பர் மேஷே’. மூலம் பிரெஞ்சு. ‘பாப்பியே’ என்றால் காகிதம், ‘மாஷே’ என்றால் மெல்லப்பட்டது. ஆக, மென்ற காகிதம். ‘மசித்தல்’ என்ற நம் சொல்லோடு இதற்கு உறவு கிடையாது. ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

சொல் பிரெஞ்சாக இருந்தாலும், கைவினைப் பெயராக அது 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவியது. அங்கேயே பொருள் இரண்டாகப் பிரிந்தது. காகிதத்தை ஊறவைத்து அரைத்து அச்சில் அழுத்துவது ஒரு வேலை. முழுத் தாள்களைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் பலகையாக்குவது இன்னொரு வேலை. பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஹென்றி கிளே 1772இல் காப்புரிமை பெற்றது இந்த இரண்டாவது முறைக்கு. தட்டு முதல் வண்டிப் பலகை வரை அதில் செய்தார்கள். அதில் ‘மென்றது’ எதுவும் இல்லை. ஆனாலும் பெயர் ஒன்றாகவே நின்றுவிட்டது.

தமிழில் வழங்கும் ‘காகிதக்கூழ்’ முதல் வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘காகிதம்’ பாரசீக வழி வந்த சொல் என்பதால் ‘தாட்கூழ்’ என்று எழுதுவோரும் உண்டு. இலக்கணம் சரி, புழக்கம்தான் இல்லை. காகித ஆலைகளும் மரத்தையும் கரும்புச் சக்கையையும் கூழாக்கிக் ‘காகிதக்கூழ்’ என்றே சொல்வதால், கலையைக் குறிக்கும்போது ‘காகிதக்கூழ் வேலை’ என்பது குழப்பம் தராது. புவிசார் குறியீடு பெற்ற புதுச்சேரி திருக்கனூர்க் கைவினையையும் இப்படியே சொல்லலாம். ஆனால் பலூன்மேல் காகிதத் துண்டுகளை ஒட்டும் வேலையை ‘கூழ்’ என்பது தவறு. அதற்குத் ‘தாளொட்டு’ என்பதே எங்கள் பரிந்துரை. இது சொல் சுத்தத்துக்காக மட்டும் சொல்வதல்ல. இரண்டுக்கும் காகிதத்தைக் கையாளும் விதம், பசை, காயும் விதம் எல்லாமே வேறு. ஒன்றின் செய்முறையைப் படித்து மற்றதைச் செய்தால் குழந்தை கையில் விரிசல் விட்ட கிண்ணம்தான் மிஞ்சும்.

கூழ் வேலை நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பழைய தாளையும் வெந்தயத்தையும் ஆட்டுரலில் அரைத்து, கவிழ்த்த பாத்திரத்தின்மேல் அப்பிக் கூடை செய்தார்கள். முறத்தின் இடுக்கையும் அதே விழுதால் மெழுகினார்கள். வெந்தயத்தை ஊறவைத்தால் வரும் வழவழப்பான பிசின்தான் பசை.

கூழ் வேலைக்கு 100 கிராம் நாளிதழ், அதாவது விரித்த நிலையில் ஐந்தாறு தாள், ஒரு சிறு கிண்ணத்துக்குப் போதும். பளபளப்பான வார இதழ்த் தாள் வேண்டாம். மேற்பூச்சு இருப்பதால் அது எளிதில் கரையாது. கட்டைவிரல் அளவுக்குக் கிழித்து இரண்டு நாள் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை முந்தின இரவே ஊறப்போட்டுத் தனியாக மைய அரைக்க வேண்டும். காகிதத்தை அப்படி மைய அரைக்கக் கூடாது: ஒரு கைப்பிடிக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டினால் போதும். தண்ணீர் குறைந்தால் மோட்டார் சூடாகும். அதிகம் அரைத்தால் நார் துண்டாகி, காய்ந்த பின் பொருள் உதிரும். துணியில் கட்டிப் பிழிந்து, வெந்தய விழுதைச் சேர்த்துச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். மிக்ஸி பெரியவர் வேலை; பிழிவதும் பிசைவதும் குழந்தைகளுக்கு.

கூழ் காயும்போது சுருங்கும். பாத்திரத்தின் வெளிப்புறம் அப்பினால் இறுகிப்பிடித்து வெடிக்கும், அரைக்காய்ச்சலில் கழற்றியாக வேண்டும். குழந்தைகள் செய்யும்போது வாய் அகன்ற கிண்ணத்தின் உட்புறம் எண்ணெய் தடவி, அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பச் சொல்லுங்கள். சுருங்கும்போது தானே விலகி வந்துவிடும். முதல் நாள் நிழலில் காயட்டும். எடுத்த எடுப்பில் வெயிலில் வைத்தால் மேற்புறம் மட்டும் காய்ந்து கோணிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

தாளொட்டுக்கு மைதா பசை. இரண்டு மேசைக்கரண்டி மாவைக் கால் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒரு கப் நீரில் ஊற்றிக் கண்ணாடிபோல் வரும்வரை கிளறி, ஆறவிட வேண்டும். காகிதத்தைக் கத்தரிக்கக் கூடாது, கிழிக்க வேண்டும். கிழித்த ஓரத்தின் மெல்லிய நார்தான் அடுத்த துண்டோடு படிந்து மறையும். நாளிதழ் மேலிருந்து கீழாக நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணும். நார் ஓடும் திசை அப்படி. ஒரு அடுக்கு தமிழ் நாளிதழ், அடுத்தது ஆங்கில நாளிதழ் என்று மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போயிற்று என்று குழந்தையே கண்டுபிடிக்கும். ஒரு தடவைக்கு இரண்டு அடுக்கு, மொத்தம் ஐந்து அல்லது ஆறு. பலூனை வெயிலில் வைக்காதீர்கள். உள்ளே காற்று விரிந்து ஓடு பிளக்கும். மின்விசிறிக்குக் கீழே காயட்டும்.

புத்தகம் கட்டுவோரும் பொம்மை செய்வோரும் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். அது நஞ்சு. குழந்தைகள் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது. அன்றன்று தேவைக்குப் பசை காய்ச்சினாலே போதும்.

முழுக்கக் காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வையுங்கள். ஈரம் உள்ளே இருந்தால் சில்லென்றிருக்கும். அந்த நிலையில் வண்ணம் பூசினால் நாலு நாளில் கொப்பளிக்கும். காய்ந்த கிண்ணத்தில் பென்சில், பொத்தான், சோழி போட்டு வைக்கலாம். அச்சு மை ஏறிய காகிதம் என்பதால் தின்பண்டம் வேண்டாம்.