தொய்ந்த செயின் நீள்வதில்லை, தேய்கிறது

மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் கழன்றால், பெடல் வெறுமனே சுற்றும். கால் நழுவி முழங்கால் ஹேண்டில்பாரில் மோதும். பட்டவர்களுக்குத் தெரியும் அந்த வலி. செயின் இழுத்துக்கொண்டது என்போம். உண்மையில் எஃகுத் தகடுகள் இழுபடுவதில்லை. அவற்றைக் கோக்கும் ஊசிகளும், ஊசி நுழையும் துளைகளும் உள்ளுக்குள்ளே தேய்கின்றன.

சைக்கிள் செயினில் ஊசிக்கு ஊசி இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. எனவே 12 அங்குல ஸ்கேலை இறுக்கமான செயின்மேல் வைத்து, ஓர் ஊசியின் மையத்தில் தொடங்கினால், 24 கண்ணிகள் தாண்டி இன்னொரு ஊசியின் மையத்தில் முடிய வேண்டும். தேய்மானத்தால் அந்த ஊசி 3 மி.மீ. தள்ளிப் போயிருந்தால் செயினின் ஆயுள் முடிந்தது. ஒரு கண்ணிக்குக் கணக்கிட்டால் 0.13 மி.மீ.கூட இல்லை! ஆனால் பல்சக்கரத்தின் பற்கள் பழைய இடைவெளியிலேயே நிற்கின்றன. உருளைகள் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறுகின்றன. சுமையை ஓரிரு பற்களே தாங்கி, கொக்கிபோல் வளைந்து தேய்கின்றன.

கியர் இல்லாத சைக்கிளில் தொய்வை எடுக்க, பின்சக்கரத்தின் இரு நட்டுகளையும் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் இழுப்போம். இது தொய்வுக்குத்தான் மருந்து, தேய்மானத்துக்கு அல்ல. பலர் இழுத்து இழுத்தே பல்சக்கரத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆடினால் போதும். பல்சக்கரம் துல்லிய வட்டமாக இருப்பதில்லை. ஆகவே பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும். அங்கே ஆட்டமே இல்லையென்றால் மிதிப்பது கனக்கும், பேரிங்குகள் தேயும். சக்கரம் ஒருபக்கம் சாயாமல் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து நட்டுகளை முடுக்குங்கள். சக்கரம் நகர்ந்ததால் பிரேக் கட்டைகளையும் சோதியுங்கள். இதை மறப்பது ஆபத்து.

எண்ணெய் வேண்டியது வெளியில் அல்ல, ஊசிக்கும் துளைக்கும் நடுவில். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பிறகு துணியால் வெளிப்புறத்தை முழுக்கத் துடையுங்கள். வெளியே தங்கும் எண்ணெய் புழுதியைப் பிடித்து, உப்புத்தாள்போல் அரைக்கும். இரும்புத் துகள் கலந்த பழைய என்ஜின் ஆயிலைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

புதுச் செயின் மாட்டியும் மிதிக்கும்போது வழுக்கினால், பின்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தைப் பாருங்கள். முன்னே 44, பின்னே 18 பல் என்றால், பின்பல் ஒவ்வொன்றும் இரண்டு மடங்குக்கு மேல் உழைத்திருக்கும். வளைந்த அந்தப் பற்களில் புதுச் செயின் பொருந்தாது. அந்தப் பல்சக்கரம் உள்ள ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்ற வேண்டும்.