குடிநீரை வடிகட்டினால் நிமோனியா குறையுமா?

தண்ணீரில் பரவுவது டைபாய்டு, காலரா. அப்படியிருக்க, ஓர் ஊர் தண்ணீரை வடிகட்டியதும் நிமோனியா சாவுகூடக் குறைந்தது என்று எங்கோ படித்தேன், உண்மையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நூறாண்டுக்கு மேலாக ஆய்வாளர்கள் மல்லுக்கட்டும் கேள்வி இது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் ஒரு நெசவாலை ஊர். மெரிமாக் ஆற்றில் அதற்கு மேலே லோவெல் நகரம். லோவெலின் சாக்கடை ஆற்றில் கலக்க, லாரன்ஸ் மக்கள் அதையே குடித்தார்கள். 1893-ல் ஹைரம் மில்ஸ் என்ற பொறியாளரின் முயற்சியில் மணல் வடிகட்டி வந்தது. ஆற்று நீரை மணல் படுகை வழியே மெல்லக் கசியவிட்டு, அழுக்கையும் கிருமிகளையும் பிடித்துக்கொள்ளும் அமைப்பு அது. டைபாய்டு சாவு மளமளவென்று சரிந்தது. அதே ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க்கும் வடிகட்டிய நீருக்கு மாறியது; அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே காலராவில் சுமார் 8,600 பேர் மாண்டிருந்தார்கள்.

மில்ஸும் ஹாம்பர்க் மருத்துவ அதிகாரி ரெயின்கேவும் தனித்தனியே கவனித்தது ஒன்றுதான்: மொத்தச் சாவு, டைபாய்டு குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. நல்ல தண்ணீர் ஒரு டைபாய்டு சாவைத் தடுத்தால், வேறு காரணச் சாவுகள் இரண்டு மூன்றும் தடுக்கப்படுகின்றன என்று 1904-ல் அமெரிக்க நீர்ப் பொறியாளர் ஆலன் ஹேசன் எழுதினார்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வெறும் கழித்தல்தான், ஆனால் அதில்தான் சுவாரசியமே. ஒரு கற்பனை ஊரில் ஆண்டுக்கு 2,400 சாவு, அதில் டைபாய்டு 100 என்று வைத்துக்கொள்வோம். வடிகட்டிய பின் மொத்தம் 2,080, டைபாய்டு 20. மொத்தத்தில் 320 குறைவு, டைபாய்டில் 80 குறைவு. மிச்சம் 240. ஒன்றுக்கு மூன்று! சரி, இப்போது தண்ணீரை மாற்றாத, அதே அளவுள்ள பக்கத்து ஊரைப் பாருங்கள். அங்கேயும் 100 சாவு குறைந்திருந்தால்? பால் சுத்தமாகியிருக்கலாம், கூலி உயர்ந்திருக்கலாம். அந்த 100-ஐக் கழித்தால் மிச்சம் 140; விகிதம் இரண்டுக்கும் கீழே போய்விடுகிறது. பதிவேட்டில் ஓர் எண்ணும் மாறவில்லை, ஒப்பிட்ட ஊர்தான் மாறியது.

அந்த மிச்சத்துக்கு விளக்கங்கள் உண்டு. டைபாய்டில் பிழைத்தவர் உடல் தளர்ந்து பின்னாளில் காசநோயில் போகலாம். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு தனித் தலைப்பில் ஏறியிருக்கும். டைபாய்டே நிமோனியா என்று தவறாக எழுதப்பட்டிருக்கலாம். சாவுக்குக் காரணம் எழுதும் இடத்தில் ஒரு பெயருக்குத்தானே இடம்!

2005-ல் டேவிட் கட்லரும் கிராண்ட் மில்லரும் 13 அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து, 1900 முதல் 1936 வரை குறைந்த சாவில் ஏறக்குறைய பாதிக்குச் சுத்தமான தண்ணீரே காரணம் என்றார்கள். 2022-ல் ஆண்டர்சன், சார்லஸ், ரீஸ் மூவரும் 25 நகரங்களை வைத்துப் பார்த்தபோது பலன் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. முந்தைய ஆய்வில் பழைய பதிவுகளிலிருந்து சில எண்கள் தப்பாகப் படியெடுக்கப்பட்டிருந்ததும் இதற்கு ஒரு காரணம். டைபாய்டு குறைந்ததில் யாருக்கும் சந்தேகமில்லை. நிமோனியா கணக்கை மட்டும் நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

நம் ஊரில் இப்படியொரு சண்டை போடக்கூட வழியில்லை. 2020-ல் இந்தியாவில் பதிவான சாவுகளில் கால்வாசிக்கும் குறைவானவற்றுக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. ஆய்வுக்கூடங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தைப் பதிவு எழுத்தர்களுக்கும் காரணம் எழுதும் பயிற்சிக்கும் தாருங்கள் என்பேன்.